எங்க ஊட்டு நெட்டு, ஏதோ ஓடுதுங்க

கேரள எல்லையோரம் முதலமடைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் யாரையாவது வழியில் நிறுத்தி, "இந்த வருசம் காய்ப்பு எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தோப்பில் கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருக்கும். முட்டுக்கொம்பு கொடுத்து நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆனாலும் அவர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டு, "ஏதோ நாலு நிக்குதுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பொய் என்று பேர் இல்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார் ஒருவர். நிறைய இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் விடிந்ததும் பங்காளிகள் கைமாற்றுக் கேட்டு வந்து நிற்பார்கள் என்பார் இன்னொருவர். எங்கள் தோப்பில் காவல் இருந்தவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "வாயில நெறைஞ்சது காத்துல கொறையும் அம்முணி" என்பார். மாங்காய் திரள்கிற நேரத்தில் மலைக்கணவாய் வழியாக ஒரு காற்று வரும். நாம் பேசுகிற பெருமையெல்லாம் அந்தக் காற்றின் காதில் விழும் என்பது அவர் கணக்கு.

இந்த விசயத்தில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய சித்தப்பா வந்து, "கொழந்தை எப்படிடா இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். "ஏதோ இருக்குதுங்க சித்தப்பா" என்றாராம் இவர். கேட்டவர் வேட்டி தடுக்க உள்ளே ஓடி வந்தார். குழந்தை, கைகால் மடிப்பு மடிப்பாக, வார்டையே கூட்டுகிற மாதிரி அழுதுகொண்டிருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாம்பழ சீசனில் இந்த "ஏதோ"வினால் எங்கள் மருமகள் வீட்டை விட்டுப் போக வேண்டி வரப் பார்த்தது. அதுவும் மாங்காயைப் பற்றிச் சொன்ன "ஏதோ" இல்லை. வீட்டு இன்டர்நெட்டைப் பற்றிச் சொன்னது.

மருமகள் இடுக்கியில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், அம்மா கொழுந்து எடுத்தவர். அவர்கள் பேசுவது தெற்கத்தித் தமிழ். நாங்கள் ஒரு வார்த்தைக்கு மூன்று 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்டு வந்த புதிதில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீடுகளில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. ஃபேக்டரிக்கு மேலே ஒரு வளைவில், ஒரு பாறைமேல் நின்றால் மட்டும் கிடைக்கும். காலேஜ் பாடமெல்லாம் அந்தப் பாறைமேல் குடை பிடித்துக்கொண்டு படித்தாளாம். "மழை என் மேல பெஞ்சாலும் பரவால்ல, போன் மேல பெய்யக்கூடாதுன்னு குடையைச் சாய்ச்சுப் பிடிப்பேன் அத்தே" என்று சொல்வாள்.

அப்படிப் படித்தவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அங்கேதான் என் மகனைப் பார்த்தாள். இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணம் நடந்தது. மகன் தோப்பைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்துவிட்டான். அவள் வேலை ஒரு ஜெர்மன் கம்பெனியில். "வேலையையும் விட மாட்டேன், இவரையும் விட மாட்டேன்" என்று மாமியாரான என்னிடமே சொன்னாள். அந்த நேர்ப்பேச்சு எனக்குப் பிடித்தது. கம்பெனியில் கேட்டதற்கு, மாம்பழ சீசன் முடிகிறவரை ஊரிலிருந்தே வேலை செய்து பார்க்கட்டும் என்றார்கள். நெட் ஒழுங்காக நின்றால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பெங்களூர் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். ஆக, கல்யாணம் ஆன புதிதில் புருசன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம் என்று ஆவதும் ஆகாததும் ஒரு வயரில் தொங்கியது.

அந்த வயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு இருப்பது இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் என்று சொல்லலாம். கிழக்குத் தோப்பில் நின்றால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், மாட்டுக்கொட்டகைப் பக்கம் வந்தால் கேரளாவுக்கு மாறிவிடும். இந்த இழுபறியில் போன் நெட்டை நம்பி வேலை செய்ய முடியாது என்று ஃபைபர் இழுத்தோம். ரோட்டிலிருந்து தோப்புக்குள் கம்பம் போட்டு, நடுவில் மரங்களிலும் தொங்கவிட்டு, வீடுவரை கொண்டு வந்தார் கேபிள்காரர். முதல் வாரம் ஓட்டமாக ஓடியது. காய் பறிப்பு தொடங்கியதும் நொண்டியடித்தது. கேபிள்காரர் பைக்கில் வந்து, வயரைப் பார்த்துக்கொண்டே தோப்பு நீளத்துக்கும் நடந்தார். ஒரு மரத்தடியில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

விசயம் இதுதான். பெட்டி ஏற்றிய லாரி தோப்பை விட்டு வெளியேறும்போது, தாழத் தொங்குகிற வயர் எதுவானாலும், ஒருவர் காய் பறிக்கிற தொரட்டியால் தூக்கிப் பிடிப்பார். லாரி போனதும் அதைப் பக்கத்துக் கிளையில் சுற்றி முடிச்சுப் போட்டு உயர்த்திவிடுவார். டெலிபோன் வயர் காலத்திலிருந்து நடக்கிற மரியாதை இது. "சின்னம்முணியோட வயராச்சே, அந்து போகக்கூடாதே" என்று எங்கள் ஆட்கள் இதை மட்டும் மாட்டுக் கயிறு போல இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"சேச்சி, இது செம்பு இல்ல, கண்ணாடியாக்கும்" என்றார் கேபிள்காரர். "இதுக்குள்ள ஓடறது வெளிச்சம். ஒடிச்சு மடக்கினா வெளிச்சம் எப்படித் திரும்பும்?"

அன்றைக்கு வயரை மாற்றி, தோப்பு வாசலில் இரண்டு உயரமான கம்பம் நட்டு, லாரிக்கு மேலே போகிற மாதிரி இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு எங்கள் நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நெட் நன்றாகத்தான் இருந்தது. சட்டியில் இருந்தது, அகப்பையிலும் வந்தது.

நெட் வந்ததும் வீட்டில் புதிதாக ஒரு பொழுதுபோக்கும் வந்தது. எந்த நாட்டில் நெட் என்ன விலை, என்ன வேகம் என்று விசாரிப்பது. தொடங்கி வைத்தவள் நான்தான். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். மாம்பழப் பெட்டிக்குள் விரிக்கிற பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்துப் படித்துத்தான் எழுத்து என் கைக்கு வந்தது. அந்தப் படிப்பில் ஒரு குறை உண்டு. எல்லாச் செய்தியும் பாதியில் கிழிந்திருக்கும். மீதியை ஆட்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுக் கேட்டு அதுவே பழக்கமாகிவிட்டது.

துபாயில் இருக்கிற கொழுந்தனார் மகனைக் கேட்டேன். அவன் மாதத்துக்குச் சொன்ன தொகையில் நாங்கள் பாதி வருசத்துக்கு மேல் ஓட்டலாம். "வேகம் நல்லாருக்குதுங்க பெரியம்மா, ஆனா பில்லு வர்ற அன்னைக்கு மட்டும் வேர்க்குது" என்றான். ஆஸ்திரேலியாவில் என் அக்கா மகள் இருக்கிறாள். பெரிய நாடு, பெரிய வீடு. படம் இறங்குவது சரியாக இருக்கிறதாம், மேலே ஏற்றுவதுதான் எருமை ஏரியிலிருந்து கரையேறுகிற மாதிரியாம். குழந்தையின் பிறந்தநாள் வீடியோவை அவள் அனுப்பத் தொடங்கினால், எங்களுக்கு வந்து சேர்வதற்குள் நான் ஒரு குழம்பு வைத்து இறக்கிவிடுவேன். அதற்கும் அவள் கட்டுவது எங்களைவிடப் பல மடங்கு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லா நாட்டு விலையையும் நான் மாம்பழப் பெட்டிக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். துபாய்க்காரன் மாதம் இத்தனை பெட்டி அல்போன்சா கொடுக்கிறான், ஆஸ்திரேலியாக்காரி இத்தனை பெட்டி செந்தூரம் கொடுக்கிறாள், நாம் அரைப்பெட்டிகூடக் கொடுப்பதில்லை என்று சொல்லிச் சிரிப்பேன். ஒரு நாள் மருமகள் என் கணக்கைத் திருத்தினாள்.

"விலையை மட்டும் பாத்தா ஆகாது அத்தே. அவுக அங்க கொஞ்ச நேரக் கூலியில இதைக் கட்டிருவாக. எங்க லயத்துல ஒரு வீட்டுல நெட்டு வைக்கணும்னா எத்தனை நாள் கொழுந்து எடுக்கணும்? அதையும் சேத்துப் பாத்தாத்தான் எது மலிவுன்னு தெரியும்."

அது நியாயம். அப்புறம் நான் பெட்டிக் கணக்கோடு கூலிக் கணக்கையும் சேர்த்துக்கொண்டேன். மலிவு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சில நாடுகள் விலையேறின, விலை என்று சொன்னவை இறங்கின. என் வீட்டுக்காரர் மட்டும் இந்தப் பேச்சில் கலக்க மாட்டார். "நம்முளுது எப்படின்னு வெளியில சொல்லிக்கிட்டு இருக்காதே புள்ள" என்பார். "கேட்டா ஏதோ ஓடுதுன்னு சொல்லிப்போட்டு வா."

மருமகள் கம்பெனியில் அவளுக்கு மேலே ஒரு மேனேஜரம்மா. ஜெர்மனியில் ஏதோ கிராமத்தில் இருப்பவர். முன்பொரு தடவை அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் வீட்டு நெட் சரியில்லாததை மறைத்து, வேக அளவை நல்ல நேரம் பார்த்து எடுத்து அனுப்பி, முக்கியமான நாளில் வேலையைக் கவிழ்த்துவிட்டாராம். அதிலிருந்து அந்தம்மா அளவை நம்புவதில்லை. வீட்டில் இருக்கிற மற்றவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவார். இது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் மருமகளின் குழுவினர் எல்லாரும் வீடியோவில் கூடி, வேலை பேசாமல் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். மேனேஜரம்மா மாமரம் பார்க்க வேண்டும் என்றார். மருமகள் லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னார்கள். வட நாட்டு வியாபாரிகளிடம் பேசிப் பேசி அவருக்குக் கொஞ்சம் இந்தியும், அதைவிடக் கொஞ்சமாக இங்கிலீஷும் வரும். மேனேஜரம்மா மரத்தை விசாரித்தார், மழையை விசாரித்தார், கடைசியில் சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டில் இன்டர்நெட் எப்படி சார் என்று கேட்டார்.

இவர் துண்டை எடுத்து உதறிப் போட்டார். நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உதறல் எனக்குத் தெரியும்.

"சம்ஹவ், மேடம்" என்றார், 'ஏதோ'வுக்கு இங்கிலீஷாக. "நாட் மச். லிட்டில் லிட்டில் கமிங்."

திரையில் அந்தம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போனது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றாராம். இவர் வெளியே வந்து என்னிடம், "நல்ல பொம்பளைங்க, மருவாதையாப் பேசறாங்க" என்றார். பெரிய காய்ப்பைச் சின்ன வாயால் சொல்லிவிட்டு வருகிற திருப்தி முகத்தில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் அடுப்படியில் இருந்தபோது மருமகள் வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

"பெங்களூருக்குப் போகணும் போல அத்தே."

"ஏன் கண்ணு?"

"நெட்டு சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டாக. நான் எடுத்த அளவெல்லாம் அனுப்பினேன். அளவு எடுக்கும்போது நல்லாருக்கும், வீட்டுப் பெரியவரே சரியில்லைன்னு சொல்லிட்டாரேன்னு சொல்லுதாக. கோவமா ஒண்ணும் சொல்லல. உனக்குத்தான் கஷ்டம், அடுத்த மாசத்துலேருந்து ஆபீசுக்கே வந்துரு, அதுதான் உனக்கு நல்லதுன்னு தன்மையாத்தான் சொன்னாக."

அவள் அழவில்லை. பாறைமேல் குடை சாய்த்துப் பிடித்தவள் அப்படி அழமாட்டாள். ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள், அதுதான் எனக்கு உறைத்தது.

"மாமாவுக்கு நான் இங்க இருக்கது பிடிக்கலையோ?"

"அட போ கண்ணு. அந்த மனுசன் எங்க கல்யாணப் பந்தியில எல எலையாப் பலகாரம் இருக்கறப்பவே 'ஏதோ போட்டிருக்கோமுங்க, சாப்பிடுங்க'ன்னு சொன்னவரு."

அவள் சிரித்தாள். சிரித்தாலும் துணிப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டத்தான் போனாள். மகன் தோப்பிலிருந்து வந்து விசயம் கேட்டுவிட்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கைகழுவிக்கொண்டு போனான். சோற்றுக்கு உட்கார்ந்தபோது தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? அடக்கமாச் சொன்னேன். நெறகொடம் தளும்புமா?"

"நெறகொடம்னு பாக்கறவங்களுக்குத் தெரியோணுமுங்க. அந்தம்மா வெறுங்கொடம்னு நெனச்சுப்போட்டாங்க."

"கேக்கறவங்களுக்குப் புரியோணும். ஏதோன்னா என்னன்னு தெரியாதா?"

"முதலமடையில தெரியும். ஜெர்மனிக்குத் தெரியுமாங்க? வாயுள்ள புள்ளைதானுங்க பொழைக்கும்."

அவர் எழுந்து தோப்புக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் கம்பத்தடியில் நின்று வயரை அண்ணாந்து பார்த்தார். அதன் வழியே நடந்து, வீட்டுச் சுவரில் அது நுழைகிற இடம்வரை வந்தார். பிறகு உள்ளே வந்து மருமகள் அறை வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"அம்முணி, அந்தம்மாகிட்ட நான் இன்னொருக்காப் பேசறேன்னு சொல்லு."

மறுபடி பேச ஏற்பாடானது. அவர் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் மருமகள், அந்தப் பக்கம் நான். என் மகன் வாசலில் நின்றான். திரையில் மேனேஜரம்மாவும், ருமேனியாவில் இருக்கிற அவர்கள் குழுப் பெண் ஒருத்தியும் வந்தார்கள்.

வணக்கம் சொல்லியாயிற்று. எல்லாரும் இவரைப் பார்த்தோம். நாற்பது வருசமாக எந்த வியாபாரியிடமும் தோப்பு நிறைந்திருக்கிறது என்று சொல்லாத வாய் அது. திறக்கவில்லை. துண்டைத் தேடித் தோளைத் தடவினார். சட்டைமேல் துண்டு இல்லை.

கடைசியில் மருமகள் பக்கம் திரும்பினார். "மொதல்ல அவங்க ஊட்டு நெட்டு எப்படின்னு கேளு அம்முணி."

எனக்கு அடக்க முடியவில்லை. விலை பேசுகிறபோது முதல் வார்த்தையை எதிராளி வாயிலிருந்து வரவைக்கிற அதே பழக்கம். மருமகள் என்னைப் பார்த்தாள், பிறகு மொழிபெயர்த்துக் கேட்டாள்.

மேனேஜரம்மா சிரித்துவிட்டார். அவர் கிராமத்தில் இன்னும் அவருடைய அப்பா காலத்து டெலிபோன் கம்பியில்தான் நெட் வருகிறதாம். விலை கேட்டால் எங்களுக்கு மூச்சு நிற்கும். மேல்மாடியில் பிள்ளைகள் விளையாட உட்கார்ந்துவிட்டால் கீழே இவர் முகம் திரையில் உறைந்து நின்றுவிடுமாம். ஃபைபர் போடுகிறோம் என்று ரோட்டைத் தோண்டினார்களாம், மூடினார்களாம், மறுபடி தோண்டியிருக்கிறார்களாம்.

"அங்கயுமா தோண்டிப்போட்டு மூடறாங்க?" என்று இவர் நாற்காலியில் முன்னுக்கு வந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அந்தப் புள்ளையுது எப்படின்னு கேளு."

ருமேனியாப் பெண் சொன்னதைக் கேட்டு மருமகளே ஒருமுறை திருப்பிக் கேட்டாள். விலை ஏறக்குறைய எங்களைப் போலத்தான், வேகமோ எங்களைவிடப் பல மடங்கு. அவள் இருக்கிற அடுக்குமாடிக்கு ஒன்றுக்கு மூன்று கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வயர் இழுத்திருக்கிறார்களாம்.

"அது எந்தப் பக்கமுங்க?" என்றார் இவர். "சொந்தம் வெச்சுக்கலாமாட்ட இருக்குதே."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் கையைத் தட்டிச் சிரித்தாள். மேனேஜரம்மா சிரிப்பு அடங்கியதும் இவரைப் பார்த்து, இப்போது நீங்கள் சொல்லுங்கள் சார் என்றார்.

இவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மரங்கள் கனத்து நின்றன, முட்டுக்கொம்பு கொடுத்து. காற்று இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"ஏதோ..." என்று தொடங்கினார்.

நான் மெதுவாகக் கனைத்தேன்.

"மேடம்" என்றார். "மை ஹோம் இன்டர்நெட்... குட்."

சொல்லிவிட்டு, கூரை விழவில்லையே என்று பார்க்கிறவர் மாதிரி மேலே பார்த்தார். விழவில்லை. "வெரி குட்" என்றார். பிறகு அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. "மார்னிங் குட். ஈவினிங் குட். லாரி கமிங், ஆல்சோ குட். மை டாட்டர்-இன்-லா, ஃபுல் வொர்க். நோ கம்ப்ளெயின்ட்." வேர்த்துவிட்டது அவருக்கு.

அப்புறம் தமிழுக்கு வந்தார். "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது எங்க ஊருப் பழக்கமுன்னு சொல்லு அம்முணி. காய்ப்பு நல்லா இருக்கறப்பத்தான் நாங்க ஏதோன்னு சொல்றது."

மருமகள் பொறுமையாக, தோப்பு, கண்ணேறு, காற்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள். மேனேஜரம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் அப்பா உருளைக்கிழங்கு விவசாயம் செய்தவராம். விளைச்சல் எப்படி என்று கேட்டால், குறை சொல்வதற்கில்லை என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டாராம். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நன்றாக இருக்கும்போது இப்படிச் சொல்வீர்கள் என்றால், கெட்டுப்போனால் என்ன சொல்வீர்கள்?

மருமகள் இவரிடம் கேட்டாள். இவர் யோசிக்கவே இல்லை.

"அப்பவும் ஏதோ ஓடுதுங்கன்னுதான் சொல்லுவோம்."

மருமகள் அதைச் சொன்னதும் மேனேஜரம்மா நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் மகன் வாசலில் நின்று சிரித்தான். அந்த வாரம் முழுவதும் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் அந்தம்மா, அப்படியானால் உங்களைக் கேட்டுப் பயனில்லை, நான் அளவையே நம்புகிறேன் என்றார். நாள் முழுக்கத் தானாகவே அளவு எடுத்து அவருக்கு அனுப்புகிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நல்ல நேரம் பார்த்து எடுக்கிற வேலை அதில் நடக்காது. சீசன் முடிகிறவரை அது சரியாக வந்தால் அவள் இங்கேயே இருக்கலாம்.

பேச்சு முடிந்து திரை அணைந்ததும் இவர் முதலில் செய்த காரியம், என்னிடம் கண்மை கேட்டதுதான். நான் எடுத்துக் கொடுத்தேன். ரூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பது போல, அதன் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார். "வெரி குட்னு வேற சொல்லிப்போட்டேன்" என்றார், இறங்கும்போது.

அன்றைக்கு இருட்டுவதற்குள் காற்று எழுந்தது. தோப்பில் காய் விழுகிற சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. இவர் முற்றத்துக்கும் ரூட்டருக்குமாக நடந்தார். ரூட்டரில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. உள்ளே மருமகள் யாருக்கோ இங்கிலீஷில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள், நடுவில் ஒருமுறைகூட நிற்காமல்.

சீசன் முடிந்து தோப்பு காலியானது. பொட்டு வைத்த ரூட்டர் பிழைத்துக்கொண்டது. மருமகளை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். தூசி தட்டி எடுத்து வைத்த பெட்டி மறுபடி பரண்மேல் ஏறிற்று.

மழை பிடித்த ஒரு நாள் இடுக்கியிலிருந்து அவள் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். அவர்கள் லயத்துக்கும் இப்போது நெட் வந்துவிட்டது. படம் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் ஈரத்துணி தொங்கியது, அடுப்பில் ஏதோ கொதித்தது. மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்துக்கொண்டே பேசினாள். மழை விட்ட நேரத்தில் இவர் முற்றத்தில் தொரட்டியைத் துடைத்துச் சாத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அங்க எப்படி இருக்க? நல்லா வச்சிருக்காகளா?" என்று கேட்டார் அவள் அம்மா.

மருமகள் பயற்றுத் தோலை மடியிலிருந்து உதறினாள்.

"ஏதோ இருக்கேம்மா."

அவ்வளவுதான், அந்தப் பக்கம் முகம் மாறிவிட்டது. "என்னட்டி இப்படிச் சொல்லுத? சம்பந்தியம்மா இருக்காகளா பக்கத்துல? போனைக் குடு அவுகட்ட."

முற்றத்தில் இவர் தொரட்டியை அப்படியே சுவரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்க்காமல் அடுத்த காயை எடுத்து உரித்தாள். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சம்பந்தி" என்றேன். "புள்ளை எங்கூருப் பேச்சுப் பழகிக்கிச்சுங்க."